புதுப்பிப்பு: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் விடுதிக் கோடை முகாமுக்கு என்ன கட்டிக் கொடுப்பது

6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் போன வாரம் போட்ட பட்டியலில் சில திருத்தங்கள்.

இரண்டாவது ஜோடி ஷூ வேண்டாம். பின்வார் வைத்த ரப்பர் செருப்பு வையுங்கள். ஹவாய் செருப்பு ஈர மணலில் சிக்கி வார் பிடுங்கிக்கொள்ளும், பாறைச் சிப்பி காலைக் கிழிக்கும். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி நுரைக்காது, சோப்புத்தூள்தான் சரி.

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டாதீர்கள். உப்பு கூடினால் ஆபத்து. ‘பாதி பாக்கெட்’ கணக்கும் தப்பும். 1 லிட்டர் பாட்டிலே கொடுத்துவிடுங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான்.

நோட்டீஸில் ‘தீவுப் பயணம்’ என்றிருந்தால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. துறைமுகம் பார்க்கப் போனாலும் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டித்தான் கிடக்கும்.