மேபெரி ஷெரிஃப் மேசையில் அந்தப் பழைய போன்: தப்பா, சரியா?

டயல்சாமி:
பழைய அமெரிக்க டிவி தொடர்களை நிறுத்தி நிறுத்தி, மூலையில் இருக்கும் போன் எந்த மாடல் என்று பார்க்கிற ஆட்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ', 1960இலிருந்து 1968 வரை சிபிஎஸ்ஸில் ஓடியது. வட கரோலினாவில் மேபெரி என்று ஒரு கற்பனை ஊர். ஷெரிஃப், அதாவது ஊர்ப் போலீஸ் அதிகாரி, ஆண்டியின் ஆபீஸ் மேசையில் இருப்பது கேண்டில்ஸ்டிக் போன், அதாவது நிமிர்ந்து நிற்கிற ஒரு தண்டு, அதன் உச்சியில் பேசுவதற்கான குழல், பக்கத்தில் கொக்கியில் மாட்டிய ரிசீவர். 1920களோடு காலம் முடிந்த சாமான். ஆனால் வாசலில் நிற்கும் ரோந்துக் கார் புத்தம்புது ஃபோர்டு கேலக்ஸி! ஃபோர்டு கம்பெனிதான் தொடருக்குக் கார் கொடுத்தது, அதனால் மாடல் மாற மாற மேபெரியிலும் கார் மாறும். கார் 1963, போன் 1923. பழைய தொடர்களில் இவ்வளவு பகிரங்கமான பிராப்பர்ட்டி (காட்சியில் வைக்கிற சாமான்) தப்பு வேறு இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஒயர்மாமா:
வந்துவிட்டேன். கதைப்படி கார் யார் வாங்கினது? ஊராட்சி. போன் யாருடையது? போன் கம்பெனியுடையது. உங்கள் வாதம் இங்கேயே படுத்துவிட்டது தல.

அந்தக் காலத்து அமெரிக்காவில் போனை யாரும் கடையில் போய் வாங்கவில்லை. மாத வாடகை. கருவியிலேயே 'பெல் சிஸ்டம் சொத்து, விற்பனைக்கு அல்ல' என்று பொறித்திருக்கும், பெல் சிஸ்டம்தான் நாட்டின் பெரும்பகுதிக்குப் போன் கம்பெனி. 1984 ஜனவரி 1இல் அந்த ஏகபோகத்தை உடைக்கும்வரை கோடிக்கணக்கான வீடுகளில் இதுதான் நிலைமை. வேலை செய்கிற கருவியைக் கம்பெனி ஏன் மாற்றப் போகிறது? ஆரம்பத்தில் ரிசீவரும் பேசும் பகுதியும் ஒரே கைப்பிடியில் இருக்கிற போன் வேண்டுமென்றால் மாதாமாதம் கூடுதல் காசு கேட்டார்கள், அதனால் பழையதே போதும் என்று இருந்தவர்கள் ஏராளம். மெய்ன் மாநிலத்தில் பிரையன்ட் பாண்ட் என்ற ஊரில் 1983 வரை ஆபரேட்டர் வைத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் நடந்தது.

என் விதி ஒன்றுதான்: காட்சியில் கதையின் காலத்தைவிடப் பழைய போன் இருந்தால் அது தப்பே கிடையாது. கதைக்குப் பிறகு வந்த போன் இருந்தால் மட்டும்தான் தப்பு.

டயல்சாமி:
பிரையன்ட் பாண்டை இழுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கிற வகை. சுற்றினால்தான் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டருக்குத் தெரியும். மேபெரியில் ஆண்டி எதையாவது சுற்றுகிறாரா? ரிசீவரை எடுக்கிறார், ஆபரேட்டரைப் பெயர் சொல்லி "சாரா..." என்கிறார், அவ்வளவுதான். எடுத்தவுடனே ஆபரேட்டர் பலகையில் விளக்கு எரிகிற, எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருகிற முறை அது. கொஞ்சம் முன்னேறிய ஊர் என்று அர்த்தம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஒயர்மாமா:
சரி, சுற்றாத ஊரே தருகிறேன். காட்டலினா தீவில் அவலோன். 1978 வரை ஆபரேட்டர்தான். எங்கே இருக்கிறது என்று பாருங்கள், லாஸ் ஏஞ்சலஸ் கரையிலிருந்து படகில் போகிற தூரம். அதாவது இந்தத் தொடரைப் படம்பிடித்த ஊருக்குப் பக்கத்திலேயே, தொடர் முடிந்து 10 வருடம் கழித்தும், டயல் இல்லாமல் ஒரு ஊர் பேசிக்கொண்டிருந்தது. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

புதுமுகம்77:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு எல்லாக் கறுப்பு போனும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஐம்பதுகளின் தொடர்களில் வரும் போன்களை 302, 500 என்று மாடல் எண் போட்டு எழுதுகிறீர்களே, தூரத்திலிருந்து எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஒயர்மாமா:
தம்பி, டயலைப் பாருங்க. எண்ணும் எழுத்தும் விரல் விடுகிற ஓட்டைக்கு உள்ளே தெரிந்தால் 302, ஓட்டைகளுக்கு வெளியே வளையமாக இருந்தால் 500. இரண்டுமே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்தது, இரண்டுமே ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது. 302 வந்தது 1937, 500 வெளியில் வந்தது 1949, 1950 வாக்கில். டயல் தெரியாத கோணம் என்றால் ரிசீவரைப் பாருங்க, 302 ரிசீவரின் பிடி கனமாக முக்கோண வெட்டில் இருக்கும், 500இல் தட்டையாகிவிட்டது, தோளில் இடுக்கிக்கொண்டு பேச வசதி.

ஒரு பொறி உண்டு. ஐம்பதுகளின் நடுவில் கம்பெனி கையிருப்பில் கிடந்த 302களின் உள்பாகங்களை எடுத்து, 500 மாதிரியே தெரிகிற புதுக் கூட்டில் போட்டு 5302 என்று அனுப்பியது. இதில் ஏமாறாத ஆளே கிடையாது. நல்லவேளை, பாகங்களின் அடியில் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். ஆனால் டிவியில் போனை யாரும் கவிழ்த்துக் காட்டுவதில்லை!

கலரையும் கவனிங்க. 500 கலரில் வந்தது 1954இல்தான். 1951இல் நடக்கிற கதையில் சிவப்பு 500 இருந்தால் தப்பைப் பிடித்துவிட்டோம் என்று கை தட்டலாம். கறுப்பு வெள்ளைத் தொடரில் இதெல்லாம் சாம்பலாகத் தெரிந்து தப்பித்துவிடும்.

லண்டன்லைன்:
ஒயர்மாமாவின் 'பழையது என்றால் தப்பே இல்லை' விதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவி மட்டும் தனியாக வேலை செய்யாது ஐயா, அதற்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. ஒரு ஊர் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு மாறிய பிறகு, டயல் இல்லாத போனிலிருந்து யாருக்கும் நேரடியாக எண்ணைச் சுற்ற முடியாது. ஆக, ஒரே தொடரில் ஒரே ஊரில், ஒரு வீட்டில் டயலைச் சுற்றி உள்ளூரில் பேசுகிறார்கள், அடுத்த தெருவில் இன்னொருவர் டயல் இல்லாத போனை எடுத்து ஆபரேட்டரிடம் உள்ளூர் வீட்டைக் கேட்கிறார் என்றால், அது எவ்வளவு பழைய போனாக இருந்தாலும் தப்புதான்.

பிரிட்டிஷ் பக்கம் இது இன்னும் கறாராகப் பிடிபடும், ஏனென்றால் அப்போது எல்லாக் கருவியும் தபால்துறையுடையது, வரிசை எண்ணும் வருடமும் தெளிவு. 200 வரிசை 1929, 300 வரிசை 1937, 706 வந்தது 1959. 'டாட்ஸ் ஆர்மி' மாதிரி யுத்தகாலத் தொடரில் 706ஐக் கண்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது போனை அல்ல, ஒயரைத்தான். 300 வரிசைக்கு நூல் பின்னிய நேர் ஒயர். வாடகைக்குப் பிராப்பர்ட்டி கொடுக்கிற கடைகளில் அது நைந்துபோய் எப்போதோ பிளாஸ்டிக் சுருள் ஒயர் மாட்டிவிடுவார்கள். கருவி சரியாக இருக்கும், ஒயர் காட்டிக்கொடுக்கும். சுவரில் சொருகுகிற பிளக் தெரிந்தால் இன்னும் மோசம், அந்தப் பிளக் 1981இல் வந்தது.

டயல்சாமி:
லண்டன்லைனுக்கு நன்றி, அமெரிக்காவிலும் அதே கதைதான். எழுபதுகளில் வந்த குட்டி பிளாஸ்டிக் பிளக், ரிசீவர் முனையில் க்ளிக் என்று மாட்டுவது, அது 'ஹேப்பி டேஸ்' மாதிரி ஐம்பதுகளில் நடக்கிற, எழுபதுகளில் எடுத்த தொடர்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டிய சங்கதி. அழுத்துகிற பட்டன் போனா, எண்ணிப் பாருங்கள். 1963 நவம்பரில் வந்தபோது 10 பட்டன்தான், நட்சத்திரமும் (*) கட்டமும் (#) சேர்ந்து 12 ஆனது 1968இல்.

இப்போது மேபெரிக்கு வருகிறேன். அவலோன் சரி என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்ச் பழசு என்பதால் கருவியும் பழசாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆபரேட்டர் ஊர்களுக்கென்றே டயல் இல்லாத 302 கொடுத்தார்கள், டயல் இருக்கிற இடத்தில் வெறும் மூடி. அறுபதுகளில், அதுவும் ஒரு ஷெரிஃப் ஆபீஸில், வட்டாரத்திலேயே அதிகமாக மணி அடிக்கிற மேசையில், அதுதான் இருந்திருக்கும். கேண்டில்ஸ்டிக் வைத்தது ஏக்கத்துக்காக. ஆண்டியாக நடித்த கிரிஃபித்தே பின்னாளில் ஒரு பேட்டியில், அறுபதுகளில் எடுத்தாலும் தொடருக்கு முப்பதுகளின் வாசம் என்கிற அர்த்தத்தில் சொன்னார். அதை ரசிக்கலாம், நானும் ரசிக்கிறேன். ஆனால் 'அப்போது அப்படித்தான் இருந்தது' என்று ஒயர்மாமா சாதிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒயர்மாமா:
இருந்திருக்கலாம் என்கிறேன், இருந்தது என்று எங்கே சொன்னேன்? அப்புறம், 'அதிகமாக மணி அடிக்கிற மேசை'யா? மேபெரியில் குற்றமே நடப்பதில்லை சாமி, லாக்கப்பில் ஊர்க் குடிகாரர் ஓடிஸ் தானே போய்ப் படுத்துத் தூங்குகிறார்.

செட்பிராப்ஸ்:
நான் நாடக மேடைக்குச் சாமான் தேடிக் கொடுத்துப் பழகியவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இரண்டு பேருமே போனை மியூசியப் பொருளாகப் பார்க்கிறீர்கள். அது நடிகரின் கையில் இருக்கிற பொருள். கேண்டில்ஸ்டிக்குக்கு இரண்டு கையும் வேண்டும், இடதில் தண்டு, வலதில் ரிசீவர். ஆண்டியின் உதவி ஷெரிஃபாக வருகிற டான் நாட்ஸ் மாதிரி உடம்பு முழுக்கப் பதறுகிற நடிகருக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. முகத்தையும் மறைக்காது.

அதைவிட முக்கியம், கதையே அந்த எக்ஸ்சேஞ்சை நம்பித்தான் நடக்கிறது. 1963இல் வந்த 'மேன் இன் எ ஹர்ரி' எபிசோடை எடுங்கள். கார் பழுதாகி ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாட்டிக்கொண்ட வியாபாரி, அவசரமாகப் பேச வேண்டும், முடியாது. ஏனென்றால் மெண்டல்பிரைட் சகோதரிகள் இரண்டு பேர் வாராவாரம் ஞாயிறு மதியம் பலரும் பங்குபோட்டுக்கொள்கிற லைனில் ஊர்க்கதை பேசுவார்கள், ஊரே அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த ஆள் கத்துகிற கத்தலுக்கு எதிரில் டயலும் வெள்ளை எண்களும் மின்னுகிற 500 இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? சுற்றிப் பேச வேண்டியதுதானே என்று நினைப்பார்.

டயல்சாமி:
அதனால்தான் டயல் இல்லாத 302 வைத்திருக்கலாம் என்கிறேன்! கதையும் கெடாது, வரலாறும் கெடாது.

செட்பிராப்ஸ்:
டயல் இல்லாத மேசைப் போனை டிவியில் காட்டினால் ஜனங்கள் என்ன புரிந்துகொள்வார்கள் என்பதற்கு 1966இன் 'பேட்மேன்' போதும். கமிஷனர் கார்டன் மேசையில் சிவப்பு போன், டயல் கிடையாது, எடுத்தால் நேராக ஒரே ஆளுக்குப் போகும். (வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே 1963இல் போட்ட நேரடி லைன் நிஜத்தில் டெலிபிரிண்டர்தான், போனே இல்லை. ஆனாலும் சிவப்பு போன் என்றுதான் ஊரெல்லாம் நம்புகிறது.) மேபெரி ஷெரிஃப் மேசையில் மொட்டையாக ஒரு கறுப்பு போனை வைத்தால், கவர்னருக்கு நேர் லைன் போலிருக்கிறது என்று தோன்றிவிடும். கேண்டில்ஸ்டிக் என்றால் ஒரு நொடியில் புரியும், சின்ன ஊர், ஆபரேட்டர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

லண்டன்லைன்:
இது நல்ல வாதம். ஆனால் இதே வாதத்தை வைத்து எந்தத் தப்பையும் நியாயப்படுத்திவிடலாமே? 'கிரீன் ஏக்கர்ஸ்'இல் போன் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது, பேச வேண்டுமென்றால் ஏற வேண்டும். அது வெளிப்படையான ஜோக், யாரும் தேதி பார்க்க மாட்டோம். மேபெரி அப்படி இல்லை, நம்பச் சொல்கிறது.

ஒயர்மாமா:
நம்பச் சொல்கிறது, நானும் நம்புகிறேன். சாமிக்கு ஒரு வேலை தருகிறேன். கேண்டில்ஸ்டிக்குக்கு உள்ளே மணி கிடையாது, மணி தனிப் பெட்டியில் சுவரிலோ மேசைக்கு அடியிலோ இருக்கும், தண்டிலிருந்து அதற்கு ஒயர் போக வேண்டும். ஷெரிஃப் ஆபீஸ் காட்சிகளை எடுத்து அந்தப் பெட்டியைத் தேடுங்கள். செட்டில் பெட்டி இருந்தால், வைத்தவருக்குத் தொழில் தெரியும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

டயல்சாமி:
முதல் சீசனிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்டி இருந்தாலும் தொழில் தெரியும் என்பதை மட்டும்தான் ஒத்துக்கொள்வேன், வருடம் சரி என்பதை அல்ல.