இளநிலைக் கணிதத்தில் எவை கட்டாயம்? மெய்ப்பகுப்பாய்வு ஐந்தாம் பருவம் வரை காத்திருக்கலாமா?

அரசலாறு:

கும்பகோணத்தை அடுத்த தன்னாட்சிக் கல்லூரி ஒன்று தன் இளநிலைக் கணிதப் பாடத்திட்டத்தைத் திருத்தவிருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் உள்ள நண்பர் ஒருவர் வெளியிலிருந்தும் கருத்துக் கேட்பதால் என் முன்மொழிவை இங்கே வைக்கிறேன்.

இப்போதுள்ள அமைப்பு நம் டெல்டாவில் பெரும்பாலான கல்லூரிகளில் காணப்படுவதுதான். முதல் நான்கு பருவங்களில் பகுதி ஒன்றாகத் தமிழும் பகுதி இரண்டாக ஆங்கிலமும் இருக்கின்றன. பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்களும், இயற்பியல் அல்லது புள்ளியியல் போன்ற துணைப்பாடங்களும் வருகின்றன. எஞ்சிய நேரம் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, 'நான் முதல்வன்' வகுப்புகள் ஆகியவற்றுக்குப் போகிறது. முதன்மைப் பாடங்களில் நுண்கணிதமும் முப்பரிமாண வடிவியலும் முதலில் வந்துவிடுகின்றன; நுண் இயற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைக் கறாராக நிறுவும் பாடம்) ஐந்தாம் பருவத்தில்தான் தொடங்குகின்றன; நேரியல் இயற்கணிதம் ஆறாம் பருவத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

முதுநிலைச் சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் வருகிறது. மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். கணிதத் தாளின் பெரும்பகுதி மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், நுண் இயற்கணிதத்தில் வரும் குலக் கோட்பாடு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. நம் மாணவர் அந்தத் தேர்வறையில் உட்காரும்போது முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே ஒரு பருவம் படித்திருப்பார். இரண்டாவதைப் பாதிகூட முடித்திருக்க மாட்டார். சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டில் இவை முதலாண்டுப் பாடங்கள். ஆகவே மெய்ப்பகுப்பாய்வை இரண்டாம் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டும், நிலையியலையும் இயக்கவியலையும் விருப்பப்பாடமாக்க வேண்டும், அந்த இடத்தில் கணினி நிரலாக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெண்ணாறு:

நான் திருவாரூர் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிப்பவள். அரசலாறு அவர்களின் முன்மொழிவு, ஜாம் தேர்வு எழுதப் போகும் ஒருவரை மனத்தில் வைத்து, அதை எழுதப் போகாத ஐம்பது பேருக்கான பாடத்திட்டத்தை வகுக்கிறது. என் வகுப்பில் இருப்பவர்களில் பலர் பி.எட். சேர்வார்கள், சிலர் வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிப்பார்கள். 'புதுமைப் பெண்' திட்டம் 2022இல் வந்த பிறகு, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பெண்கள் எங்களிடம் நிறையச் சேர்கிறார்கள். அவர்களுக்கு முதலாண்டு முழுவதும் ஆங்கிலப் பாடநூலோடு பழகுவதற்கே போகிறது. இரண்டாம் பருவத்திலேயே எப்சிலான், டெல்டா என்ற குறியீடுகளைக் கொண்ட நிறுவல்களைத் தொடங்கினால் அரியர் குவியும். அரியர் விழுந்த மகளை 'படித்தது போதும்' என்று நிறுத்திவிடும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டக் குழுவின் மேசையில் அந்த வீடுகள் தெரிவதில்லை.

பாடம் கடினமானது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு அங்கே சீராகவும் தொடர்ச்சியானது (இரு எண்கள் போதிய அளவு நெருங்கினால், அவை எங்கே இருந்தாலும் சார்பின் மதிப்புகளும் நெருங்கியே இருக்கும்) என்ற தேற்றத்தை என் மூன்றாமாண்டு மாணவிகள் ஒரு வரி பிசகாமல் எழுதுவார்கள். ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் சார்பு மெய்யெண் கோடு முழுவதிலும் சீரான தொடர்ச்சி உடையதா என்று கேட்டால் பேனா நின்றுவிடும். ஓர் எண்ணையும், அதனோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் வரும் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் பெரிதாகப் பெரிதாக இவ்விரண்டின் இடைவெளி பூஜ்ஜியத்தை நெருங்குகிறது, ஆனால் வர்க்கங்களின் வேறுபாடு எப்போதும் இரண்டைத் தாண்டியே நிற்கிறது. இரண்டே வரியில் முடிகிற விடை. மூன்றாமாண்டில் வராதது முதலாண்டில் எப்படி வரும்?

அரசலாறு:

அம்மா, உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரு மாணவி நான்கு பருவங்கள் முழுக்க சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதே கணிதம் என்று பழகிவிடுகிறாள். ஐந்தாம் பருவத்தில் திடீரென்று 'நிறுவுக' என்றால், அவள் அறிந்த ஒரே வழியான மனப்பாடத்தைத்தான் நாடுவாள். நிறுவல் என்பது இறுதியாண்டுக்கென ஒதுக்கி வைத்த தனிப் பாடமன்று. கணிதத்தின் மற்ற பாடங்களைப் படிக்கும் முறையே அதுதான். அதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு பருவமும் மனப்பாடப் பழக்கத்தை இறுக்குகிறது.

கொள்ளிடம்:

இங்கே யாரும் மொழிப்பாடங்களைத் தொடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 120 மதிப்பலகுகள் (கிரெடிட்). அவற்றில் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 60. நம் அமைப்பில் மொத்தம் 140 அலகுகள் இருந்தும், முதலாண்டு மாணவர் வாரத்தின் 30 மணி நேரத்தில் கணக்கு படிக்கும் நேரம் பாதிகூட இல்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த இராமானுஜன், பிற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். அதே ஊரில் நூறாண்டுகளுக்குப் பிறகும் அதே கட்டாயம் தொடர வேண்டுமா?

வெண்ணாறு:

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கணிதத்தைப் பற்றிப் பேசினால் நான்காவது பேச்சுக்குள் இராமானுஜன் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டார். ஒரு மேதைக்கு நேர்ந்ததை வைத்து எல்லோருக்கும் பாடத்திட்டம் எழுத முடியாது. மேலும் பகுதி ஒன்றும் இரண்டும் எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் பொதுவானவை. ஒரு கல்லூரியின் கணிதப் பாடத்திட்டக் குழு அவற்றில் கை வைக்க முடியாது. முடிந்தாலும் வேண்டாம் என்பேன். ஒரு நிறுவலைத் தொடர்ச்சியான வாக்கியங்களில் எழுதத் தெரியாத மாணவியிடமிருந்து மொழி வகுப்பையும் பறித்துவிட்டு எதைச் சாதிக்கப் போகிறோம்?

குடமுருட்டி:

இளநிலைக் கணிதம் படித்துவிட்டு, இப்போது ஆற்று நீர் அளவைத் தரவுகளோடு வேலை பார்ப்பவன் நான். நிரலாக்கம் கட்டாயமாக வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். இயக்கவியலை விருப்பப்பாடமாக்குவதை ஏற்க மாட்டேன்.

எண்சார் பகுப்பாய்வுத் தாளில், வளைகோட்டின் கீழ்ப் பரப்பைத் தோராயமாகக் காணும் சிம்ப்சன் விதிக்கு என்ன கேட்கிறார்கள்? சம இடைவெளியில் ஏழு மதிப்புகளைக் கொடுத்து, கால்குலேட்டரில் கூட்டிப் பத்து மதிப்பெண் வாங்கச் சொல்கிறார்கள். ஆற்றில் நடப்பது வேறு. ஆற்றின் குறுக்கே குறிப்பிட்ட இடங்களில் ஆழத்தை அளப்போம். அந்தந்த இடத்தில் நீரின் வேகத்தை, மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் கருவியை இறக்கி எடுப்போம். ஆழம் அதிகமென்றால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி காண்போம். பிறகு ஒவ்வொரு துண்டின் பரப்பையும் வேகத்தால் பெருக்கிக் கூட்டினால், வினாடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்பது கிடைக்கும். கரையோரத்தில் ஆழம் சட்டென்று மாறுவதால் அளவிடங்களை அங்கே நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வைக்கிறோம். பாலத்தின் தூண் குறுக்கிட்டால் அதற்கேற்பவும் தள்ளிப் போகிறோம். இடைவெளி சமமாக இல்லாதபோது பாடநூலின் சிம்ப்சன் விதி அப்படியே பொருந்தாது; சரிவக விதியைத் துண்டு துண்டாகப் பயன்படுத்த வேண்டும். இதைத் தேர்வில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இருபது வரி நிரல் எழுதத் தெரிந்த மாணவர் இதை ஒரே பிற்பகலில் புரிந்துகொள்வார்.

இயக்கவியலுக்கு வருகிறேன். மைய விசையின் கீழ் இயங்கும் துகளின் பாதையை வருவிக்கும் அலகில்தான், தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உள்ள விசை கூம்பு வளைவைத் தருகிறது என்பதை மாணவர் தாமே கண்டடைகிறார். வகைக்கெழுச் சமன்பாடு எதற்காகப் பிறந்தது என்பதை வேறு எந்தத் தாளும் அவருக்குச் சொல்வதில்லை. அதை எடுத்துவிட்டு வெறும் நிரல் மொழியைக் கற்பித்தால், கணினி மையம் ஆறு மாதத்தில் கொடுக்கும் சான்றிதழுக்கும் நம் பட்டத்துக்கும் என்ன வேறுபாடு இருக்கும்?

அரசலாறு:

மைய விசைப் பாதை ஓர் அலகு; அதை வகைக்கெழுச் சமன்பாடுகள் தாளிலேயே சேர்த்துவிடலாம். நிலையியலின் அலகுகளோ லாமி தேற்றம், இணை விசைகள், சுவரில் சாய்ந்த ஏணியின் உராய்வு, தொங்கு சங்கிலி என்று பழைய கேம்பிரிட்ஜ் தேர்வு முறையின் வாசனையோடு அப்படியே இருக்கின்றன. ஏணிக் கணக்கில் வரும் உத்திகள் ஏணிக் கணக்குக்கு மட்டுமே உதவும். ஆற்றில் வேலை செய்யும் உங்களுக்குத் தேவைப்பட்டவை எண்சார் முறையும் நிரலாக்கமும்தான் என்பதை உங்கள் பதிவே காட்டுகிறது.

குடமுருட்டி:

அப்படி நான் எழுதவில்லை. நிலையியலை விட்டுவிடுங்கள், அதற்காக நான் சண்டை போடப் போவதில்லை. இயக்கவியலை மட்டும் முழுத் தாளாகக் கட்டாயத்தில் வையுங்கள் என்கிறேன். ஓர் அலகாகச் சுருக்கினால், தேர்வில் விட்டுவிடக்கூடிய அலகாக அது மாறிவிடும்.

வெட்டாறு:

நான் இப்போது மூன்றாமாண்டு படிக்கும் மாணவன். ஐயா கடைசியாகச் சொன்ன வரியைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் படிப்பை நடத்துவது பாடப்பட்டியலைவிட வினாத்தாள்தான். பருவத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. அந்த 75இல் பகுதி 'அ' பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள். பகுதி 'ஆ' ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. பகுதி 'இ' ஐந்தில் மூன்று எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் பத்து. பகுதி 'இ'யில் அலகுக்கு ஒரு வினா வீதம் வருவதால், இரண்டு அலகுகளைத் தொடாமலே முப்பது மதிப்பெண்ணையும் வாங்கிவிடலாம் என்பது முதல் பருவத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைப் புரட்டினால் எந்தப் பத்துத் தேற்றங்கள் சுழன்று சுழன்று வருகின்றன என்பதும் தெரியும். தேர்வுக்கு முன்பு ஜெராக்ஸ் கடையில் அவையே கட்டாக விற்கின்றன. வெண்ணாறு அம்மா சொன்ன தேற்றம் அந்தக் கட்டில் இருக்கிறது. அம்மா கேட்ட வர்க்கச் சார்பு வினா அதில் இல்லை. மெய்ப்பகுப்பாய்வை இரண்டாம் பருவத்துக்கு மாற்றினால், அந்தக் கட்டை இரண்டாம் பருவத்திலேயே வாங்குவோம்.

வெண்ணாறு:

தம்பி சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. தன்னாட்சிக் கல்லூரி தன் வினாத்தாளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதால், குழு முதலில் தொட வேண்டியது அதைத்தான். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் ஒரு பங்கை, வகுப்பில் நிறுவாத சிறு கூற்றுகளை நிறுவுவதற்கு ஒதுக்கலாம். அங்கே தவறினாலும் அரியர் விழாது.

அந்த ஏற்பாடு இருந்தால், மெய்ப்பகுப்பாய்வு முழுவதையும் அல்ல, அதன் முதற்பகுதியான தொடர்முறைகளையும் தொடர்களையும் மட்டும் இரண்டாம் பருவத்தில் வைப்பதற்கு நான் உடன்படுவேன். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எந்த எண்ணையும் தாண்டிவிடும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கு அடுத்து வரும் உறுப்புகளை இரண்டு, நான்கு, எட்டு எனச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சேர்க்கையும் அரைக்குக் குறையாது என்று காட்டினால் போதும். இதற்கு எப்சிலானும் வேண்டாம், பெரிய ஆங்கிலமும் வேண்டாம். தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி, ரீமான் தொகையீடு ஆகியவை நான்காம் பருவத்துக்கு வரட்டும்.

கொள்ளிடம்:

இரண்டாம் பருவத்தில் ஒன்றை நுழைத்தால் ஒன்று வெளியேற வேண்டுமே. முப்பரிமாண வடிவியலையா எடுக்கப் போகிறீர்கள்? கோளமும் கூம்பும் உருளையும் தெரியாமல் வருபவர், வெக்டர் நுண்கணிதத்தில் பரப்புத் தொகையீடு போடும்போது எந்தப் பரப்பின் மேல் நிற்பார்?

அரசலாறு:

நியாயமான கேள்வி. அவற்றின் சமன்பாடுகளையும் வரைபடங்களையும் பன்மடித் தொகையீடு வரும் தாளின் முதல் அலகாக வைத்துவிடலாம். கனஅளவு காணும் இடத்திலேயே மாணவர் அவற்றைச் சந்திப்பார். நேர்க்கோடுகளுக்கு இடையிலான மீச்சிறு தொலைவு முன்பே பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. கோளங்களின் செங்குத்து வெட்டு போன்றவற்றை விட்டுவிடலாம். நிலையியலை விலக்கிய இடத்தில் நிரலாக்கத்தோடு கூடிய எண்சார் பகுப்பாய்வு வரட்டும். குடமுருட்டியின் ஆற்று அளவைக் கணக்கை அதன் செய்முறைப் பயிற்சிகளில் ஒன்றாகக் கேட்டிருக்கிறேன். இயக்கவியல் முழுத் தாளாக இருக்க வேண்டும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆகவே நண்பருக்கு அனுப்பும் வரைவில் அதை இரு தரப்பு வாதங்களோடும் குழுவின் முடிவுக்கு விட்டிருக்கிறேன். வினாத்தாளைப் பற்றிய பகுதியை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பத்தியாக வைத்திருக்கிறேன்.

குடமுருட்டி:

செய்முறைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும் வரைவிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வகத்தில் பத்துக் கணினிகளும் வகுப்பில் ஐம்பது பேரும் இருந்தால் இரண்டு மணி நேரம் போதாது. வகுப்பை அணிகளாகப் பிரிக்க வேண்டும், அதற்கு ஆசிரியரின் பணி நேரக் கணக்கில் இடம் வேண்டும். அந்த எண்ணிக்கை வரைவில் இல்லையென்றால், நிரலாக்கமும் கரும்பலகையில் எழுதிப் போடும் பாடமாகிவிடும்.