மல்கோவாவுக்கு பூச்சி மருந்து மிச்சம் இருக்கான்னு டெஸ்ட், எத்தன பழம் குடுக்கணும்?

கேள்வி: சேலத்துல நம்ம தோட்டத்து மாம்பழத்துக்கு வியாபாரி லேப் ரிப்போர்ட் கேக்குறாருங்க, ஒரு பழம் கழுவி அனுப்புனா போதுமா?

பதில்: கழுவவே கூடாதுங்க! கால் கிலோவுக்கு மேல இருக்குற பழம்னா குறைஞ்சது 5 பழம், மொத்தம் 2 கிலோ, ஒரே மரத்துல பறிக்காம தோட்டம் பூரா அங்கங்க பறிச்சு புதுப் பையில போட்டு உடனே அனுப்புங்க. கொட்டைய எடுத்துட்டு தோலோட அரைச்சு, மருந்தக் கரைச்சு எடுக்குற அசிட்டோநைட்ரைல் திரவம் ஊத்தி குலுக்கி, உப்பு போட்டுப் பிரிச்சு மெஷின்ல விடுவாங்க.

பதில்: எல்சி எம்எஸ், ஜிசி எம்எஸ்னு மருந்தக் கண்டுபிடிக்கிற ரெண்டு மெஷின்லயும் பாப்பாங்களான்னு கேளுங்க, சில மருந்து ஒண்ணுல தான் மாட்டும். என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபா இருக்கட்டும்.

கேள்வி: எங்க ஏற்காடு ஆரஞ்சுக்கும் தோலோடவா அரைப்பாங்க, உரிச்சுத் தானே திங்குறோம்?

பதில்: ஆமாங்க, மருந்து மிச்சம் இவ்வளவு தான் இருக்கலாம்ங்குற வரம்பே முழுப் பழத்துக்குத் தான். தனியா வரம்பு சொல்லாத மருந்துக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்.