மறு: ‘ஃப்ளை ஃபிஷிங்’ – ஈத்தூண்டிலா, கட்டுப்பூச்சித் தூண்டிலா?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம். ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்ற மீன்பிடி முறைக்கு நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதில் அண்ணாச்சி எழுதியதற்கு என் பதில் இது.

> ‘ஃப்ளை’ என்றால் ஈ. ‘ஈத்தூண்டில்’ என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. எல்லோருக்கும் புரியும்.

புரியாது அண்ணாச்சி. நேற்று இந்தச் சொல்லை என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “ஈயைப் பிடிச்சா தூண்டில்ல கோக்காவ?” என்று கேட்டாள். மண்புழுவைக் கோத்துக் கெண்டை பிடிக்கிற ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்? இந்தத் தொழிலில் ஈயே கிடையாது. உயிருள்ள இரையும் கிடையாது. தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோல ஆக்கிய ஒன்றைத்தான் அங்கே ‘ஃப்ளை’ என்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல் ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் இருக்கிறான். அவனும் நம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேருமாக வார்ஃப், யூர் என்ற ஆறுகளுக்கு ட்ரவுட், கிரேலிங் என்ற மீன்களைப் பிடிக்கப் போவார்கள். போவதற்கு முன் திட்டம் எழுதுவார்கள், வந்த பிறகு பயணக்குறிப்பு எழுதுவார்கள். எல்லாம் தமிழில்தான். ஆனால் வினைச்சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அக்கா அதை வாசித்துவிட்டு எனக்குப் போன் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கிறாள். மகன் இடுப்பளவு குளிர்நீரில் நின்று என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. அதைத் தமிழில் சொல்ல முடியாமல் நான் தடுமாறக் கூடாது.

முதலில் பூச்சியைப் பற்றி. போன ஆவணியில் ஊருக்கு வந்தபோது அவன் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினான். வரிசையாக முப்பது நாற்பது இருக்கும், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. ஒன்றை என் எதிரில் கட்டியும் காட்டினான். சிறு பிடியில் முள்ளைக் கவ்வ வைத்து, மெழுகு தடவிய நூலை அதில் நெருக்கமாகச் சுற்றினான். மயில்தோகையிலிருந்து இரண்டு இழை பிரித்து உடம்பாக ஓட்டினான். அந்தப் பச்சை மினுக்கம் வண்டின் முதுகைப் போலவே இருந்தது. சேவலின் கழுத்து இறகு ஒன்றை எடுத்துத் தலைமாட்டில் மூன்று சுற்று சுற்றியதும் இழைகள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி விரிந்து நின்றன. அந்த இழைகள்தான் பூச்சியைத் தண்ணீர்மேல் நிறுத்தும் கால்கள். கடைசியில் ஒரு முடிச்சு. பக்கத்தில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, வாழைநாரைக் கையில் பிடித்தபடியே, “இதுவும் கட்டுததுதான்” என்றாள்.

அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பூவைக் கட்டுகிறோம். கதையையும் கட்டுகிறோம்; இல்லாததை இருப்பதாகச் சொன்னால் ‘கட்டுக்கதை’. நூலால் கட்டியது, பொய்யாகக் கட்டியது என்ற இரண்டு பொருளையும் ‘கட்டு’ ஒன்றே தாங்குகிறது. ‘கட்டுப்பூச்சி’ என்றால் மூன்றாவது விளக்கம் தேவையில்லை. நம் கடற்கரையில் மரத்தோடு மரத்தைக் கட்டி மிதக்கவிட்டதற்குக் ‘கட்டுமரம்’ என்று பெயர் வைத்தார்கள். உலகமே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதே அச்சில்தான் இதையும் வார்த்திருக்கிறேன். ஆகவே, ‘ஃப்ளை’ கட்டுப்பூச்சி, ‘ஃப்ளை டையிங்’ பூச்சி கட்டுதல், ‘ஃப்ளை ஃபிஷிங்’ கட்டுப்பூச்சித் தூண்டில்.

> ‘ஈசல் தூண்டில்’ எப்படி? அந்த ஊர்ப் பூச்சியும் ஈசல் மாதிரி ஒருநாளில் சாவதுதானே.

அழகான யோசனை. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அவர்கள் ‘மேஃப்ளை’ என்று சொல்வது தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் புழுவாகக் கிடந்து, இறகு முளைத்து வெளியே வந்ததும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முடிந்துவிடும். ஆனால் நம் ஈசல் புற்றிலிருந்து வரும் கறையான், மேஃப்ளையோ ஆற்றுப்பூச்சி. இரண்டையும் ஒரே பேரில் கலந்தால் நாளைக்கு உயிரியல் எழுதுகிறவர் சிரமப்படுவார். அதோடு கட்டுப்பூச்சிகளில் எறும்பு உண்டு, வண்டு உண்டு, குட்டிமீன் போலக் கட்டியதும் உண்டு.

ஈசலிடமிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். மழை விட்ட அந்தியில் ஈசல் ‘புறப்பட்டது’ என்போம். ஆற்றில் பூச்சிகள் ஒரே நேரத்தில் கூட்டமாக நீர்விட்டு எழும்புவதை அவர்கள் ‘ஹேட்ச்’ என்கிறார்கள். முட்டை பொரிப்பதற்கும் அதே சொல்தான் என்பதால் நம் ஆட்கள் ‘பொரிப்பு’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது தப்பு. அந்த நேரத்தில் முட்டை எதுவும் பொரிவதில்லை. ‘பூச்சிப் புறப்பாடு’ என்றால் நடப்பது கண்ணில் தெரியும்.

இனி வீச்சு. என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் உயிர். நம் தூண்டிலில் ஈயமோ தக்கையோ இரையின் கனமோ இருக்கும். அதை எறிந்தால் நரம்பு பின்னாலேயே போகும். கட்டுப்பூச்சிக்கு எறிகிற அளவு கனம் இல்லை. எறிந்தால் காலடியில் விழும். அதனால் கனத்தை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். நூல் விரிந்து போகிறது, பூச்சி அதன் நுனியில் சவாரி போகிறது. முழுக்கத் தலைகீழ் முறை.

ஆற்றங்கரைக்கு விடியற்காலையில் கூட்டிப்போய் அதையும் காட்டினான். ஒன்பதடிக் கம்பு, நான்கு துண்டாகச் செருகுவது. நூல் பம்பரச் சாட்டையைவிடக் கொஞ்சம் மெலிசு, மேலே வழுவழுப்பான பூச்சு. முள் வேண்டாம் என்று நுனியில் சிவப்புக் கம்பளித் துணுக்கைக் கட்டினான். நூல் பின்னால் போய் முழுதாக நீளும்வரை கையை நிறுத்தி, பிறகு முன்னால் கொண்டுவந்தான். காற்றில் ஒரு வளையம் உருண்டு போய் விரிந்தது. கம்பளி தண்ணீரில் தும்பைப்பூ விழுவதுபோல் உட்கார்ந்தது. நான் வாங்கிச் செய்தேன். பொறுக்காமல் முன்னால் இழுத்ததும் சாட்டை மாதிரி ‘சுளீர்’ என்று சத்தம். “சத்தம் வந்தா பூச்சி அத்துப் போச்சுன்னு அர்த்தம் மாமா, பின்னால நூல் விரியட்டும்” என்றான்.

வலையில் ‘வீச்சுவலை’ நமக்கு உண்டு. அதனால் ‘காஸ்டிங்’ வீச்சு, கம்பு வீச்சுக்கம்பு, கனமான அந்த நூல் வீச்சுநூல். சரளமாக வருகிறது.

‘ட்ரை ஃப்ளை’, ‘வெட் ஃப்ளை’ இரண்டையும் ‘உலர்பூச்சி’, ‘ஈரப்பூச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுமே தண்ணீரில்தான் கிடக்கின்றன. ஒன்று மேலே மிதக்கிறது, ஒன்று உள்ளே போகிறது. மிதவைப்பூச்சி, முங்குபூச்சி என்போம். ‘முங்கு’ வட்டாரச் சொல் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். தாமிரபரணியில் குளித்தவர்கள் எல்லோரும் முங்கித்தான் குளித்தோம்.

ஆற்றின் பாகங்களுக்கும் நம் கையிலேயே சொல் இருக்கிறது. ஆழமான இடம் கசம். சுற்றுகிற நீர் சுழி. கல்லில் தட்டி ஓடும் ஆழமில்லாத இடத்துக்கு ‘சலசலப்பு’ போதும். ட்ரவுட் பெரும்பாலும் ஒரு கல்லின் மறைவைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். கிரேலிங் கூட்டமாக அடியில் கிடந்து, மேலே வரும் பூச்சிக்காக அடியிலிருந்தே எழும்பிவரும். முதுகுத்துடுப்பு பாய்மரம் மாதிரி உயர்ந்து நிற்கும். “கசத்தின் வாலில் கிரேலிங், சலசலப்பின் ஓரத்தில் ட்ரவுட்” என்று எழுதினால் அக்காவுக்கே இடம் தெரிந்துவிடும்.

மீன்களின் பெயரை மட்டும் தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ‘வண்ணநன்னீர்மீன்’ என்பதுபோல் புதிதாக ஆக்கும் பெயர்கள் நிற்காது. ட்ரவுட் குளிர்ந்த நீர் மீன். நம் ஆற்றில் வாழாது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே கட்டினார்கள். அங்குள்ளவர்களும் ட்ரவுட் என்றே சொல்கிறார்கள். கிரேலிங் இந்தியாவிலேயே இல்லை. நம் அயிரையையும் விராலையும் அவர்கள் பெயர் மாற்றிக் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அம்பையிலிருந்து வணக்கத்துடன்.

* * *

> கட்டுப்பூச்சி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் கட்டெறும்பு, கட்டுவிரியன் என்று உயிருள்ளவை இருக்கின்றன. புதிதாகக் கேட்பவன் இதையும் ஏதோ ஒரு நிஜப் பூச்சி என்றுதான் நினைப்பான். ‘பீலித்தூண்டில்’ என்று வைத்தால் குழப்பமே இல்லை. இன்னொன்று: பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விடுவதை ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்கிறார்களே, அதற்குப் ‘பிடித்துவிடுதல்’ சரியா?

அண்ணாச்சி, கட்டெறும்பு நான் யோசிக்காதது. நியாயமான தடை. தனியாக வரும் இடத்தில் அந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ‘பீலித்தூண்டில்’ காதுக்கு மிக இனிமை. ஆனால் எல்லாவற்றிலும் பீலி இல்லை. வெறும் கம்பளியும் செம்புக்கம்பியும் சுற்றிய பூச்சிகள் குளிர்காலக் கிரேலிங்குக்கு நன்றாக வேலை செய்கின்றன. கம்பியின் கனத்தில் அடிவரை முங்குகின்றன. அவற்றைப் பீலி என்று எப்படிச் சொல்வது? தொழில் பேராகக் ‘கட்டுப்பூச்சித் தூண்டில்’ என்று முழுதாகவே எழுதுவோம். பின்னால் தூண்டில் வந்துவிட்டால் எறும்பும் விரியனும் நினைவுக்கு வராது. இறகால் கட்டியதை மட்டும் ‘பீலிப்பூச்சி’ என்று உள்வகையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொல்லும் வீணாகாது.

‘பிடித்துவிடுதல்’ கூடாது. ‘விடு’ துணைவினையாக ஒட்டிக்கொள்ளும். “இன்றைக்கு எப்படியும் ஒரு மீன் பிடித்துவிடுவேன்” என்றால் விடவே மாட்டான் என்று பொருள்! இடம் விட்டு எழுதினால் பொருள் மாறுகிறது, ஆனால் வாயால் சொல்லும்போது அந்த இடைவெளி எங்கே? ‘திருப்பிவிடல்’ போக்குவரத்துக்குப் போய்விட்டது. ‘மீளவிடல்’ என்று வைக்கிறேன். பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த நமக்கு, மீனை நீருக்கே கொடுப்பதற்கு ஒரு சுத்தமான சொல் இருக்க வேண்டும்.

‘க்ளோஸ்டு சீசன்’ என்பதற்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். உவரிக் கரையில் கேட்டால் ‘தடைக்காலம்’ என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முட்டையிடும் காலத்தில் மீனைத் தொந்தரவு செய்யாதிருப்பதுதான் அங்கேயும் நோக்கம். இங்கிலாந்தின் ஆறுகளில் கிரேலிங்குக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை. ட்ரவுட்டின் தடைக்காலம் வேறு, குளிர்காலத்தில் வரும். அதனால்தான் பையன்கள் ஐப்பசி, கார்த்திகையில் கிரேலிங்குக்கென்றே கிளம்புகிறார்கள்.

சொற்களை அவனுக்கு அனுப்பி, அடுத்த பயணத்தின் திட்டத்தை இவற்றை வைத்தே எழுதச் சொன்னேன். இன்று காலை வந்தது, அப்படியே தருகிறேன்:

> சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். உரிமமும் அன்றைய அனுமதிச் சீட்டும் அவரவர் கையில் இருக்கணும். ட்ரவுட்டுக்குத் தடைக்காலம் தொடங்கிட்டு. தப்பித் தவறி மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து மீளவிடணும். நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை நசுக்கிய முள்ளையே கொண்டு வாங்க. மழை பெய்து கலங்கல் வந்தால் பயணம் அடுத்த வாரம். பாலத்துக்குக் கீழே உள்ள கசத்தில் செம்புக்கம்பி முங்குபூச்சியோடு ஆரம்பிப்போம். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குச் சின்னதாகப் பூச்சிப் புறப்பாடு இருக்கும், அப்போ மிதவைப்பூச்சிக்கு மாறலாம். இரண்டு பேர் சேர்ந்தேதான் ஆற்றில் இறங்கணும். எந்த வளைவில் பிடித்தோம் என்பதை வெளியே எழுத வேண்டாம், ஆறு தாங்காது.

அக்கா இதை வாசித்துவிட்டு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் போன் போட்டாள். திட்டத்தின் அடியில், வீச்சுநூலுக்கும் பூச்சிக்கும் நடுவே வரும், போகப் போக மெலிகிற ஒன்பதடி நரம்பை ‘லீடர்’ என்றே விட்டிருந்தான். ‘நுனிநரம்பு’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது இருந்தால் அனுப்புங்கள் அண்ணாச்சி, சனிக்கிழமைக்குள்.