ஊற்றை அளந்து வைத்த நோட்டுப் புத்தகம்: நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே வாழ்ந்த அனுபவங்கள்

பகிர்வு: கிரீன் மாவட்டப் பண்ணைக்கு மருமகளாகச் சென்றவர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் உள்ள கிரீன் மாவட்டத்தில் என் கணவருடைய பெற்றோர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். திருமணமான புதிதில், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, மாமனார் என்னை வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவுக்கு அழைத்துச் சென்று, கல்லால் கட்டிய ஒரு சிறு அறையைத் திறந்து காட்டினார். பாறை இடுக்கிலிருந்து கசிந்த நீர் தொட்டியில் நிரம்பி, மோட்டார் எதுவும் இல்லாமலேயே எங்கள் வீட்டுக்கும் கொட்டகைக்கும், கீழே சாலையோரம் இருந்த மூன்று வீடுகளுக்கும் குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, நிலத்துக்கு அடியில் சுரங்கம் வரப்போவதாகவும், அதற்குமுன் ஊற்றைப் பரிசோதிக்க ஆட்களை அனுப்புவதாகவும் நிலக்கரி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அங்கே நிலம் ஒருவருக்கும் அடியில் உள்ள கரி வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். பல குடும்பங்களின் முன்னோர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கரி உரிமையை விற்றுவிட்டார்கள். ஆகவே தடுக்க வழியில்லை. மாமனாருக்கு வந்த கோபத்தில், வாயிற்கதவைப் பூட்டிவிட்டு யாரையும் உள்ளே விடமாட்டேன் என்றார்.

அவரைத் தடுத்தது என் கணவர். பென்சில்வேனியா மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டு 54-ஆம் சட்டப்படி, சுரங்கத்தையொட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரு நீராதாரம் கெட்டால், கெடுத்தது சுரங்கமே என்று முதலில் அனுமானிக்கப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. ஆனால் முன்பரிசோதனைக்கு வந்தவர்களை உரிமையாளர் திருப்பி அனுப்பியிருந்தால், அந்த அனுகூலத்தை அவர் இழந்துவிடலாம். கதவைத் திறந்துவிட்டோம். அத்துடன் நாங்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் 20 லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். ஏப்ரலில் 48 நொடி. அக்டோபர் வறட்சியில் 2 நிமிடம். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் அது நாளொன்றுக்கு 14,400 லிட்டர். கோடையில் ஒரு மாடு 50 லிட்டர் குடித்தாலும் எங்கள் 60 மாடுகளுக்கு 3,000 லிட்டர்தான் வேண்டும்.

சுரங்கம் அடியில் கடந்துபோன மூன்றாம் வாரம் ஊற்று நூல் போல இளைத்து, பிறகு நின்றுவிட்டது. அந்த ஆண்டு மழை குறைவு, அதனால்தான் என்று நிறுவனத்தினர் சொன்னார்கள். அதற்கு முந்தைய, அதைவிட வறண்ட இலையுதிர் காலத்திலும் வாளி 2 நிமிடத்தில் நிரம்பியதை நோட்டில் காட்டிய பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. முற்றத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து லாரியில் நீர் நிரப்பினார்கள். அவ்வூரார் அதை ‘வாட்டர் பஃபலோ’ என்கிறார்கள். எருமை நீரில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நீர் எருமைக்குள் கிடப்பது விசித்திரமாகத்தான் இருந்தது.

மறுமொழி: பிட்ஸ்பர்க்கில் நீரியல் பணியில் இருப்பவர்

இவர்கள் செய்தது மிகச் சரி. ஆனால் வாளி மட்டும் போதாது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். நீள்சுவர் முறையில் 300 முதல் 450 மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் உள்ள பட்டையில் கரி முழுவதையும் எடுத்துவிட்டு, பின்னால் கூரையைச் சரிய விடுகிறார்கள். எடுக்கும் கரி 2 மீட்டருக்கும் குறைவான கனமுள்ளது என்றாலும், மேலே தரை ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடக்கூடும். இடையிலுள்ள பாறை அடுக்குகள் பிளக்கும்போது, களிமண் படிவத்தின் மேல் தங்கியிருந்த நீர் கீழே நழுவிவிடுகிறது. சில ஊற்றுகள் சரிவில் இன்னும் கீழே தலைகாட்டும். சில வற்றாமலே இரும்பும் மாங்கனீசும் கலந்து கெட்டுப்போகும். அதை வாளி காட்டாது. ஆகவே மின்கடத்துதிறன், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, நுண்ணுயிர் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், ஈரமான பருவத்தில் ஒரு முறையும் வறண்ட பருவத்தில் ஒரு முறையும் பார்த்து வைக்க வேண்டும்.

கெடுத்தது சுரங்கமே என்று சட்டம் அனுமானிக்கும் அந்த எல்லை, கரி எடுக்கும் விளிம்பிலிருந்து செங்குத்துக்கு 35 பாகை சாய்வாக மேல்நோக்கி வரையப்படுவது. கரி 200 மீட்டர் ஆழத்தில் இருந்தால், தரையில் அது விளிம்புக்கு வெளியே சுமார் 140 மீட்டர் நீளும். அதற்கு அப்பால் உள்ளவர்களும் கோரலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழும். அதே மாவட்டத்தில், ரையர்சன் ஸ்டேஷன் மாநிலப் பூங்காவின் அணை 2005-இல் விரிசல் கண்டு ஏரி முழுவதும் வடிக்கப்பட்டது; சுரங்கமே காரணம் என்று வாதாடிய மாநில அரசு, 2013-இல் சுரங்க நிறுவனத்திடமிருந்து 3.6 கோடி டாலர் பெற்றுக்கொள்ள உடன்பாடு செய்துகொண்டது. ஏரி திரும்ப வரவில்லை.

கேள்வி: இன்னோர் உறுப்பினர்

நிரந்தர மாற்று என்ன கொடுத்தார்கள்? சாலையோரத்து மூன்று வீடுகள் என்னவாயின?

பதில்: முதலில் பகிர்ந்தவர்

முதலில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள்; நீரில் அழுகிய முட்டை வாடை அடித்ததால் மாமனார் ஏற்கவில்லை. பிறகு சாலையில் செல்லும் பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து இணைப்புக் கொடுத்தார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மாதாமாதம் கட்டணச் சீட்டு வருகிறது. மாற்று நீரால் உரிமையாளருக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் செலவு வரக்கூடாது என்று விதி இருப்பதால், அந்தக் கட்டணத்தை எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்கிடுவது என்பதில்தான் நீண்ட இழுபறி நடந்தது. அவர்கள் வீட்டுப் பயன்பாட்டை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். மாடுகளைச் சேர்க்க வைத்ததும் அந்த நோட்டுதான்.

சாலையோர வீடுகளுக்கு எழுத்தில் எந்த உரிமையும் கிடையாது. மாமனாரின் தகப்பனார் வாய்ச்சொல்லாகக் கொடுத்த நீர் அது. சட்டம் நிலத்துக்காரரை மட்டுமல்லாமல் நீரைப் பயன்படுத்துபவரையும் குறிப்பிடுகிறது என்று வழக்கறிஞர் எடுத்துக்காட்டியதால் இரண்டு வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. மூன்றாவது வீட்டு மூதாட்டி தன் வீட்டுக்குள் பரிசோதகர்களை விடவில்லை. நாங்கள் வற்புறுத்தியிருக்க வேண்டும். அவர் பேச்சுவார்த்தை முடியும் முன்பே மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

சென்ற வசந்தத்தில், பழைய ஊற்றுக்கு அறுபது எழுபது மீட்டர் கீழே, ஓடைக்கு அருகில் தரை ஈரமாவதை மாடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன. பள்ளம் தோண்டிக் குழாய் பதித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு பக்கத்து நிலத்தில் இன்னொரு பட்டை எடுக்கப்போவதாகக் கடிதம் வந்துள்ளதால், இதற்கும் நோட்டில் தனிப் பக்கம் திறந்துவிட்டோம்; சென்ற ஞாயிறு வாளி நிரம்ப 3 நிமிடம் 10 நொடி ஆயிற்று.