ஹைட்ரஜன் கார்: ‘அஞ்சே நிமிஷம்’னு அடிச்சு விடுறவங்களுக்கு

சான்ஹோசே சாமி:
வாகனப் பகுதியில கொங்குப்புயல் போட்ட பதிவைப் பார்த்து எரிச்சல் தாங்காமதான் இந்த இழை. அவர் எழுதினது: “ஹைட்ரஜன் கார் தண்ணியில ஓடும். அஞ்சே நிமிஷத்துல டேங்க் ஃபுல். பேட்டரி கார்காரன் சார்ஜரைச் செருகிட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப நாம திண்டிவனம் தாண்டிடுவோம்.”

தண்ணியில ஓடாது ஐயா. தண்ணி வெளிய வரும், உள்ள போறது ஹைட்ரஜன். 1996-ல மூலிகை பெட்ரோலுக்குக் கைதட்டின ஊரு, இதுக்கும் தட்டும். அதை விடுங்க. அந்த ‘அஞ்சே நிமிஷம்’ இருக்கே, அதைத்தான் பொறுக்க முடியல. கலிபோர்னியாவுல டொயோட்டாவோட ஹைட்ரஜன் கார் மிராயை லீஸ் எடுத்து ஓட்டினவன் நான். பங்க்ல காத்துக் கிடந்த நேரத்துல அஞ்சல் வழியில ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

கொங்குப்புயல்:
தண்ணியில ஓடும்னு சொன்னது பேச்சுவாக்குல. அதைப் புடிச்சுத் தொங்காதீங்க. ஆனா அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்தான். 2021-ல மிராய் ஒரே டேங்குல 1,360 கி.மீ. ஓடி கின்னஸ்ல ஏறுச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி நிரப்ப ஆன நேரம் 5 நிமிஷம்னு டொயோட்டாவே சொல்லியிருக்கு. டொயோட்டாவை விட சாமிக்கு ஜாஸ்தி தெரியுமாட்ட இருக்குது.

வேதியியல் வாத்தியார்:
இரண்டு பேரும் அடிப்படையைத் தொடாமல் அடித்துக்கொள்கிறீர்கள். இது எஞ்சினில் ஹைட்ரஜனை எரிக்கும் கார் அல்ல. காருக்குள் மின்சாரம் செய்யும் எரிபொருள் மின்கலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. நடுவில் மெல்லிய சவ்வு. பிளாட்டினம் வினையூக்கி ஹைட்ரஜனைப் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிக்கிறது. சவ்வு புரோட்டானை மட்டும் விடும். எலெக்ட்ரான் வெளிச்சுற்றில் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஓட்டமே மின்சாரம். மறுபக்கம் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர். ஒரு கலம் ஒரு வோல்ட் கூடத் தராது, அதனால்தான் இரண்டாம் தலைமுறை மிராயில் 330 கலங்களை அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 128 கிலோவாட்.

அடுத்தது, ‘நிரப்பும் நேரம்’ என்றால் எதிலிருந்து எதுவரை? குழாயை மாட்டிக் கழற்றும் வரையா, நிலையத்துக்குள் நுழைந்து வெளியேறும் வரையா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள்.

சான்ஹோசே சாமி:
வாத்தியார் சார், பாடத்துக்கு நன்றி. கின்னஸ் கதைக்கு வரேன். அது கம்பெனியோட சொந்த வளாகத்துல நிரப்பினது. வரிசை கிடையாது, முன்னாடி வண்டி கிடையாது. ஓட்டினதும் மைலேஜுக்குன்னே பழகின ஆளுங்க, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் மெதுவா உருட்டினாங்க. அமெரிக்க அரசு கணக்குல அதே கார் 402 மைல், அதாவது 650 கி.மீ. கூட வராது. இவரு மேடையில நடந்ததை எடுத்துட்டு வந்து தெருவுல நின்னவன்கிட்ட காட்டுறாரு.

தெருவுல நடக்கறது இது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு கார் நிரப்பிட்டுப் போயிருந்தா, நிலையத்தோட உயர் அழுத்தச் சேமிப்பு இறங்கியிருக்கும். கம்ப்ரஸர் மறுபடி அழுத்தம் ஏத்தணும். கார் டேங்குக்கு 700 பார் வேணும், டயருக்குக் காத்து அடிக்கிற சமாசாரம் இல்ல. அதுவரைக்கும் நிக்கணும். இதெல்லாம் சேர்த்தா அஞ்சு நிமிஷமா?

கொங்குப்புயல்:
அது நிலையத்தோட பிரச்சினை. கார் அஞ்சு நிமிஷத்துல நிரம்புதா இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

சான்ஹோசே சாமி:
நிலையம் இல்லாம கார் எங்கய்யா நிரம்பும்? கிணத்துலயா?

சார்ஜர் சம்பத்:
அண்ணன்மாரே, நிமிஷத்தை விடுங்க, யூனிட்டைப் பாருங்க. தண்ணியை மின்சாரத்தால பிரிச்சு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50, 55 யூனிட் ஆகும். அதை அழுத்தவும் குளிர வைக்கவும் தனிச் செலவு. அந்த ஒரு கிலோவுல மிராய் நூறு சொச்சம் கி.மீ. ஓடும். அதே 55 யூனிட்டை என் காருக்குப் போட்டா முந்நூறு தாண்டுவேன். இதுல உலகத்துல இப்ப கிடைக்கிற ஹைட்ரஜன்ல பெரும்பங்கு இயற்கை எரிவாயுவுல இருந்து எடுக்கறது. என்னமோ இமயமலை ஊத்துல புடிச்ச மாதிரி பேசுறாங்க.

கொங்குப்புயல்:
வந்துட்டாரு. சம்பத் தம்பி, போன வருஷம் டீசல் இழையில வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா? இங்க பேச்சு அஞ்சு நிமிஷத்தைப் பத்தி. உங்க கார் ஃபுல் சார்ஜ் ஏற எத்தனை நேரம்? வாயைத் திறங்க பாக்கலாம்.

சார்ஜர் சம்பத்:
ராத்திரி தூங்கறப்ப ஏறுது. எனக்கு ஆகுற நேரம் செருகுற நேரம் மட்டும்தான். உங்க ஹைட்ரஜனை வீட்டுல நிரப்பிக் காட்டுங்களேன். டீசல் இழையில கட்டிக்கிட்டது யாருன்னு அங்க போய்ப் படிச்சா தெரியும்.

யோகோஹாமா குமார்:
ஜப்பானில் இருந்து ஒரு குரல். இங்கே பெரும்பாலும் பணியாளர்தான் நிரப்புவார், நாம் காரிலேயே உட்கார்ந்திருக்கலாம். குழாயை மாட்டியதும் காரும் எந்திரமும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பேசிக்கொள்ளும். டேங்கின் வெப்பமும் அழுத்தமும் பார்த்து எந்திரம் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். வரிசை இல்லாவிட்டால் கொங்குப்புயல் சொல்லும் நேரத்தை ஒட்டித்தான் ஆகும். சாமி கலிபோர்னியாவின் சீர்கேட்டை எடுத்துத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டுகிறார்.

கொங்குப்புயல்:
கேட்டுக்குங்க! ஓட்டுறவரே சொல்லிட்டாரு.

சான்ஹோசே சாமி:
நான் என்ன, தள்ளிட்டுப் போனேனா? குமார், உங்க ஊர்ல வண்டி கம்மி, நூத்தம்பதுக்கு மேல நிலையம், அதனால வரிசை இல்ல. இங்க ஐம்பது சொச்சம். அதுலயும் எது வேலை செய்யுது, எது செய்யலன்னு செயலியைப் பார்த்துட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்பணும். பச்சைன்னு காட்டும், போய்ச் சேர்றதுக்குள்ள சிவப்பாயிடும். 2024 பிப்ரவரியில ஷெல் இங்க கார்களுக்கு வெச்சிருந்த ஏழு நிலையத்தையும் ஒரேயடியா மூடிட்டுப் போச்சு. அன்னைக்கு உங்க அஞ்சு நிமிஷம் எங்க போச்சு?

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர வெச்சுத்தான் உள்ள அனுப்புவாங்க. காத்துல ஈரம் இருந்தா குழாய் மூக்கு காரோட ஒட்டி உறைஞ்சு போயிடும். நிரப்பி முடிஞ்சாச்சு, பணம் கட்டியாச்சு, ஆனா கழற்ற வராது. பனி இளகுற வரைக்கும் நிக்கணும். பின்னால இருக்கறவன் ஹாரன் அடிப்பான். நான் ஒரு நிலையத்துல அப்படி நின்னுக்கிட்டே ஆபீஸ் மீட்டிங் ஒண்ணை முழுசா முடிச்சிருக்கேன். அதுவும் அஞ்சு நிமிஷத்துல சேர்த்தியா புயலாரே?

சும்மா வந்தவன்:
அழுத்தத்துல இருந்து வெளிய வர்ற வாயு தானா குளிரும்தானே? சிலிண்டர் வாய்ல பனி புடிக்குதே. அப்புறம் எதுக்கு மைனஸ் 40 வரைக்கும் குளிர வைக்கணும்? சாமி ரீல் விடுறாரு.

வேதியியல் வாத்தியார்:
ஹைட்ரஜனுக்கு அது பொருந்தாது. சாதாரண வெப்பநிலையில் ஹைட்ரஜன் விரியும்போது சூடாகும். ஜூல்-தாம்சன் விளைவு அதற்குத் தலைகீழ். மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போனால்தான் மற்ற வாயுக்களைப் போலக் குளிரும்.

சான்ஹோசே சாமி:
சார், அது கொசுறு. பெரிய சூடு வர்றது டேங்குக்குள்ள வாயு அமுங்கறதால. சைக்கிள் பம்ப் அடிச்சா அடி சுடுமே, அதேதான். டேங்க் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதுக்காகத்தான் முன்குளிர்ப்பு. புத்தகத்துல இருக்கறதை எல்லாம் இங்க இறக்காதீங்க.

வேதியியல் வாத்தியார்:
நான் சொன்னதில் பிழை எங்கே என்று காட்டுங்கள். ‘கொசுறு’ என்பது விஞ்ஞானச் சொல் அல்ல. முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவனிடம் பேசுகிறீர்கள்.

சான்ஹோசே சாமி:
பிழைன்னு நான் எங்க சொன்னேன்? பொருத்தமில்லைன்னேன். வகுப்பு எடுத்தவங்களுக்குக் கேள்வி கேட்டா ஆகாது போல.

கொங்குப்புயல்:
வாத்தியாரையே மரியாதை இல்லாம பேசுறாரு, பாத்துக்குங்க மக்களே. இவரு பேச்சை நம்பியா அஞ்சு நிமிஷத்தை மாத்துறது?

சார்ஜர் சம்பத்:
மரியாதையைப் பத்தி நீங்க பேசாதீங்க. நோர்வேயில 2019 ஜூன்ல ஆஸ்லோ பக்கத்துல ஹைட்ரஜன் நிலையம் வெடிச்சதே, அதைப் பத்தி ஒரு வார்த்தை? அந்த அதிர்ச்சியில ரோட்டுல போன காருங்களோட ஏர்பேக் விரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் என்ன, அரை நொடியில முடிஞ்சிருக்கும்.

யோகோஹாமா குமார்:
பாதியைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். சேமிப்புக் கலனின் ஒரு மூடியில் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பொருத்தியவர் கைத்தவறு அது. வெடித்தது நிலையம், கார் அல்ல. கார் டேங்க் கரியிழை சுற்றியது. கசிந்தால் உணரி வால்வை மூடிவிடும். ஹைட்ரஜன் காற்றை விடப் பல மடங்கு இலேசு என்பதால் மேலே போய்விடும், பெட்ரோலைப் போல வண்டிக்கடியில் தேங்காது.

சார்ஜர் சம்பத்:
அப்ப டொயோட்டாவும் ஹூண்டாயும் நோர்வேயில விற்பனையை ஏன் நிறுத்தி வெச்சாங்க? வேண்டுதலா?

யோகோஹாமா குமார்:
நிரப்ப இடமே மூடியிருக்கும்போது காரை விற்று என்ன செய்வது? தற்காலிக நிறுத்தம் அது.

சும்மா வந்தவன்:
நம்ம கட்கரி ஐயா 2022 மார்ச்ல மிராய்லதான் பார்லிமென்ட் போனாரு. மந்திரியே ஓட்டுறாரு, நீங்க என்னமோ பெருசா பேசுறீங்க.

சான்ஹோசே சாமி:
ஓட்டல, உக்காந்து போனாரு. நிரப்பினது யாரு, எத்தனை நேரம் நின்னாங்கன்னு அவரைக் கேளுங்க.

கார் மேல எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு ஒரு தடவை சொல்லி வைக்கிறேன், இல்லன்னா வயித்தெரிச்சல்னு சொல்லுவீங்க. ஓட்டுறதுக்கு அருமை. ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் மின்சாரக் கார் மாதிரியே இழுக்கும், ஏன்னா சக்கரத்தைச் சுத்துறது மோட்டார்தான். பிரேக் போட்டா ஒரு சின்ன பேட்டரியில மின்சாரம் திரும்பச் சேரும். மேடு ஏறினா காத்தை உறிஞ்சற கம்ப்ரஸர் உய்ய்ய்னு ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். முதல் மிராயில எச்2ஓ-ன்னு ஒரு பொத்தானே உண்டு. கராஜுக்குள்ள ஒழுகாம இருக்க வாசல்லயே அமுக்கித் தண்ணியைக் கொட்டிடலாம். என் பையன் அதுக்காகவே முன் சீட்டுல ஏறுவான்.

ஆனா டேங்குக்குக் காலாவதி தேதி உண்டு, தெரியுமா? நிரப்புற மூடிக்குள்ளயே ஒட்டியிருப்பாங்க, இந்தத் தேதிக்கு மேல நிரப்பாதேன்னு. விலை? கிலோ 36 டாலர் வரைக்கும் போச்சு. 5.6 கிலோ டேங்குக்கு இருநூறு டாலர். வாங்கறப்ப 15,000 டாலருக்கு எரிபொருள் அட்டை கொடுத்தாங்க, அதனால யாருக்கும் உறைக்கல. அட்டை தீர்ந்தவன் காரை வித்துட்டு ஓடுறான். வாங்க வர்றவன் பாதி விலைக்கும் கீழ கேட்குறான்.

கொங்குப்புயல்:
இவ்வளவு நீளமா எழுதியும் அஞ்சு நிமிஷம் இல்லைன்னு ஒரு ஆதாரம் கூட காட்டல. விலைக்குத் தாவிட்டாரு. தோத்தவன் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

வேதியியல் வாத்தியார்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. எதிலிருந்து எதுவரை?

மட்டுறுத்துநர்:
‘தோத்தவன்’ போன்ற சொற்களைத் தவிர்க்கவும். டீசல் இழையை இங்கே இழுக்க வேண்டாம். இது முதல் எச்சரிக்கை.

சார்ஜர் சம்பத்:
இழுத்தது புயலார், எச்சரிக்கை எல்லாருக்குமா? நல்லா இருக்கு நியாயம்.

கொங்குப்புயல்:
நோர்வேயை இழுத்தது யாரு? சரி, பேட்டரி கார் தீப்புடிச்ச செய்தி அத்தனையும் எடுத்து வெச்சிருக்கேன். ஸ்கூட்டர் தனி, கார் தனி. நாளைக்குப் போடுறேன்.

சார்ஜர் சம்பத்:
போடுங்க, பெட்ரோல் கார் தீப்புடிச்சதையும் பக்கத்துல வெச்சுப் போடுங்க. அப்புறம் எண்ணிக்கை மட்டும் போதாது, எத்தனை காருக்கு எத்தனைன்னு கணக்கும் வேணும்.

சான்ஹோசே சாமி:
அவரு எங்க கணக்குப் போடுவாரு, அவருக்குத் தெரிஞ்ச எண் அஞ்சுதான். குமார், உங்களுக்கு ஒரு கேள்வி: ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க ஊர்ல எத்தனை நிலையம் திறந்திருக்கும்?

யோகோஹாமா குமார்:
ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு எதற்கு ஹைட்ரஜன்? சனிக்கிழமையே நிரப்பிக்கொள்வேன்.