குறட்டை நிற்கும்போது எண்ணியவள்

குலசேகரத்திலிருந்து:

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை, அதாவது தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்ப்பது, எதற்கு என்று கருங்கல் தம்பி கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது என் எடை 128 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 45. ரப்பர் ஷீட் வியாபாரம். பகலில் கணக்கு எழுதும்போதே தலை சாயும். ஒருநாள் தக்கலையில் லாரிக்குப் பின்னால் கார் நின்றபோது ஸ்டியரிங்கிலேயே கண் அயர்ந்துவிட்டேன்; பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். விடியும் முன்னே எழுந்து தோட்டத்துக்குப் போகிற அசதி என்று நினைத்தேன். நான் காட்டிய டாக்டரும் அதையே சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது, மயக்க மருந்து டாக்டர் என்னைவிட என் மனைவியிடம்தான் அதிகம் கேட்டார். "குறட்டை நடுவில் நிற்குமா?" என்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நிற்கும் சார். நெஞ்சில் கை வைத்து எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபது வரைக்கும் போகும். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வரும்." எத்தனையோ வருடமாக எண்ணியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

டாக்டர் கழுத்தை டேப்பால் அளந்தார்: 46 சென்டிமீட்டர். 40-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் மாட்டிப் படுக்க வைத்தார்கள். மணிக்கு 52 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது; ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. மணிக்கு 5-க்குள் இருந்தால் சாதாரணம், 30-ஐத் தொட்டால் கடுமை. ரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள். கடைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்த எனக்குக் கோபம். டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகியிருக்கிறது. தூங்கும்போது தசை தளர்ந்து அது மூடிக்கொள்கிறது. வீட்டில் என்றால் உடம்பே உலுக்கி எழுப்பிவிடும். மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு தரும் பலமான வலி மருந்தும் தசையை இன்னும் தளர்த்தி, அந்த விழிப்பையும் மழுக்கிவிடும். இதைக் கேட்ட பிறகு நான் மறுபேச்சு பேசவில்லை.

ஆறு வாரமும் சிபாப் மெஷின் போட்டுத் தூங்கினேன். மாஸ்க் வழியாக வரும் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் திறந்தே வைக்கும். முதல் நான்கு ராத்திரி நரகம். அதற்குப் பிறகு காலைத் தலைவலி போனது, பகல் தூக்கம் போனது. என் மனைவியும் அப்போதுதான் விடிய விடியத் தூங்கினாள்.

மெஷினை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வரச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரி தலைமாட்டை உயர்த்தி, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி, அந்த மாஸ்க்கோடுதான் படுக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் 31 கிலோ குறைந்தது. மறுபடி பரிசோதித்தபோது 52 என்பது 14 ஆகியிருந்தது. மெஷினை நிறுத்தவில்லை, அழுத்தத்தை மட்டும் குறைத்தார்கள். இளைத்துவிட்டோம் என்று நாமாகக் கழற்றிப் போடக் கூடாது.

குளச்சலிலிருந்து:

அண்ணா, எனக்குப் பெரிய குறட்டையே கிடையாது. காலையில் தலைவலி, நாள் முழுக்கச் சோர்வு, ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம். தைராய்டு என்றே நினைத்திருந்தேன். பரிசோதனையில் மணிக்கு 22 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. குறட்டை இல்லை, நமக்கு வராது என்று பெண்கள் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மழைக்காலத்தில் நம்ம பக்கம் ராத்திரி கரண்ட் போகும். மெஷினுக்கு இன்வெர்ட்டர் லைன் இழுத்து வையுங்கள்.

கருங்கலிலிருந்து:

நன்றி அண்ணா. ஆபரேஷன் என் அம்மாவுக்கு. அப்பா போன பிறகு தனியாகத்தான் படுக்கிறார்கள். கேட்டால் "நான் நல்லா தூங்குறேன் மக்களே" என்பார்கள். என்ன செய்ய?

குலசேகரத்திலிருந்து:

தம்பி, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து நாள் அம்மா அறையிலேயே பாய் போட்டுப் படுங்கள். மூச்சு நிற்பதுபோல் இருந்தால் போனில் வீடியோ எடுத்து மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றும் கேட்காவிட்டாலும் குளச்சல் அக்கா சொன்ன அறிகுறிகளை விசாரித்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம்.